ஃபேக்டரி ஹெச்ஆர் வேலைக்கு வர்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை பக்கம் கம்பெனிகள்ல ஹெச்ஆர் ட்ரெய்னியா, எக்சிகியூட்டிவா சேர்ற பசங்க பொண்ணுங்க திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க இது. ஐடி கம்பெனி ஹெச்ஆருக்கு இதுல பாதி பொருந்தும், மீதி பொருந்தாது. சிலதுக்கு பதில் நீளமா போகும், சிலதுக்கு ரெண்டு வரிதான்.

ஹெச்ஆர்னா ஆள் எடுக்குறதுதானே, வேற என்ன இருக்கு?

ஆள் எடுக்குறது ஒரு மூலை. காலைல ஷிப்ட் மாறுற நேரத்துல வருகைக் கணக்கு பாக்கற டைம் ஆபீஸ் ஜன்னல்ல பத்து நிமிஷம் நின்னு பாருங்க, நேத்து பஞ்ச் விழல, போன மாச ஓடி, அதாவது ஓவர்டைம், ரெண்டு நாள் குறையுது, வண்டி லோனுக்கு சம்பள சர்டிபிகேட் வேணும், பொண்டாட்டிக்கு பிரசவம், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கார்டுல அவங்க பேரே இல்ல, இப்படித்தான் வரிசையா வரும். இதுதான் சர்வீஸ். அந்தப் பக்கம் லைன் சூப்பர்வைசர் போன் பண்ணி இன்னைக்கு பன்னெண்டு பேர் கம்மி சார்னு கத்துவாரு, ஊர்ல கூழ் ஊத்துறாங்கன்னு அதே லைன்ல நாலு பேர் லீவு கேப்பாங்க, மேனேஜ்மெண்ட் ஓடிய குறைன்னு மெயில் போடும், சட்டம் ஓடிக்கு டபுள் சம்பளம் குடுன்னு சொல்லும். இவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்துல பதில் சொல்ற சீட்டு அது.

நல்ல ஹெச்ஆர் சர்வீஸ்னு எத வச்சு சொல்றது?

ஆடிட்டுக்கு வர்றவங்க சர்வே, ஸ்கோர்னு ஏதேதோ கேப்பாங்க. என்னைக் கேட்டா ஒரு விஷயம்தான் முதல்ல, வந்து கேட்ட ஆளுக்கு தேதியோட பதில் கிடைச்சுதா இல்லையா. "பாக்கறேன் தம்பி"ன்னு சொல்றது பதிலே இல்ல, அந்தத் தம்பி நாளைக்கும் வருவான், மறுநாளும் வருவான், அப்புறம் வரவே மாட்டான், லைன்ல நின்னு பேசுவான், அங்க பேச ஆரம்பிச்சா உங்க கைய விட்டுப் போச்சு. "வியாழக்கிழமை சாயங்காலம் வா, ஆயிருந்தா ஆச்சு, இல்லன்னா ஏன் ஆகலன்னு சொல்றேன்"னு சொல்லிப் பாருங்க, ஆகலன்னாலும் அந்த ஆள் கோவப்பட மாட்டான்.

ஒரு எக்செல் ஷீட் போதும். யாரு, என்ன கேட்டாங்க, எந்தத் தேதி, யார்கிட்ட இருக்கு, என்னைக்கு முடிஞ்சுது. மாசக் கடைசியில அத எடுத்துப் பாத்தா, ஒரே கேள்விய முப்பது பேர் கேட்டிருப்பாங்க. முப்பது பேருக்கும் தனித்தனியா பதில் சொன்னது பெருமை இல்ல, சிஸ்டத்துல எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓடி கணக்கு எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்னு கேண்டீன் வாசல்ல தமிழ்ல ஒரு நோட்டீஸ் ஒட்டினாலே பாதி கூட்டம் குறையும்.

பிஎஃப் கேள்விதான் நிறைய வருது, எதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கணும்?

பிஎஃப்னா தொழிலாளியும் கம்பெனியும் மாசாமாசம் போடுற சேமிப்பு. முதல்ல அந்த 550 ரூபா கேள்வி. பிஎஃப் சம்பளம் 15,000 உள்ள ஆளுக்கு 12 சதவீதம், அதாவது 1,800 பிடிக்கிறோம், கம்பெனியும் 1,800 போடுது. பாஸ்புக் பாத்துட்டு வந்து "என் பங்கு 1,800 இருக்கு, கம்பெனி பங்கு 550தான் இருக்கு, மீதிய அமுக்கிட்டீங்களா"ன்னு கேப்பாங்க. கம்பெனி பங்குல 8.33 சதவீதம், 1,250 ரூபா, பென்ஷன் கணக்குக்குப் போயிடும், மீதி 550தான் பிஎஃப்ல தெரியும். இத ஜாயினிங் அன்னைக்கே ஒரு பேப்பர்ல போட்டு காட்டுங்க, பின்னாடி சந்தேகப்படவே மாட்டாங்க.

ரெண்டாவது, பேர். நம்ம ஊர் இனிஷியல் இருக்கே, அது பிஎஃப்ல படுத்துற பாடு கொஞ்சநஞ்சம் இல்ல. ஆதார்ல முருகன் க, பான் கார்டுல கந்தசாமி முருகன், பேங்க்ல க முருகன், பத்தாவது மார்க்ஷீட்ல முருகன்னு மட்டும், நாலும் ஒரே ஆள்தான் ஆனா கம்ப்யூட்டருக்கு நாலு பேர். வேலைய விட்டுட்டு பணம் எடுக்கப் போறப்பதான் ரிஜெக்ட் ஆகும், அப்ப அந்த ஆள் ஒருவேளை திருநெல்வேலியில இருப்பாரு, நீங்க பேர திருத்தச் சொல்லி ஜாயிண்ட் டிக்ளரேஷன் போடணும், சர்டிபிகேட் கேட்டு அனுப்பணும், வாரக்கணக்குல இழுக்கும். சேர்ற அன்னைக்கு ஆதார், பான், பாஸ்புக் மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்து எழுத்தா ஒத்துப் பாருங்க, பிறந்த தேதியும் பாருங்க. பத்து நிமிஷ வேலைதான். ஏற்கனவே யுஏஎன், அதாவது பிஎஃப் நம்பர், இருக்கான்னு கேளுங்க, "தெரியல"ன்னு சொன்னா இருக்குன்னு எடுத்துக்கிட்டு தேடுங்க, புதுசா இன்னொண்ணு போட்டா ரெண்டு நம்பரை சேக்குற தலைவலி வேற வரும்.

மூணாவது நாமினேஷன், ஆள் இறந்துட்டா பணம் யாருக்குன்னு எழுதிக் குடுக்குறது. இதுல யாரும் அக்கறை காட்டுறதில்ல. வேலையில இருக்கும்போது ஒருத்தர் இறந்துட்டா பிஎஃப், குடும்ப பென்ஷன் போக, இடிஎல்ஐனு ஒரு இன்ஷூரன்ஸ் இருக்கு, அதிகபட்சம் 7 லட்சம் வரைக்கும் கிடைக்கும், தொழிலாளி கையிலேர்ந்து அதுக்கு ஒரு பைசா போறதில்ல. நாமினி போடலன்னா அந்த வீட்டு அம்மா வாரிசு சர்டிபிகேட்டுக்கு தாலுகா ஆபீஸ் ஏறி இறங்கணும். கல்யாணம் ஆச்சுன்னா பத்திரிகை நமக்கும் வருமில்ல, ஸ்வீட்ட சாப்பிட்டுட்டு அன்னைக்கே நாமினேஷன மாத்த வைங்க.

வேலைய விட்டவங்களுக்கு பிஎஃப் வெப்சைட்ல எக்ஸிட் தேதி போடாம விடாதீங்க. அது ஒரு க்ளிக்தான், அதப் போடாததால ஒருத்தர் பணம் மாட்டிக்கிட்டு நிக்கிற கதைய எந்த ஃபேக்டரி வாசல்ல போய் கேட்டாலும் சொல்லுவாங்க.

சம்பளம் ஏறினா இஎஸ்ஐ போயிடுமா?

போகும், ஆனா உடனே இல்ல. லிமிட் இப்ப மாசம் 21,000. தொழிலாளி 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம், 2019 ஜூலைலேர்ந்து இந்தக் கணக்குதான். காண்ட்ரிபியூஷன் பீரியட், அதாவது பணம் கட்டுற அரை வருஷம், ஏப்ரல் டு செப்டம்பர், அக்டோபர் டு மார்ச். ஜூன் மாசம் சம்பளம் 21,000ஐ தாண்டினாலும் செப்டம்பர் வரைக்கும் பிடிச்சே ஆகணும், நிறைய புதுப் பசங்க ஜூன்லயே நிறுத்திடுறாங்க, அது தப்பு.

அதவிட முக்கியம் ஒண்ணு. இன்க்ரிமெண்ட் லெட்டர் குடுக்கும்போது சிரிச்சுக்கிட்டே குடுத்துட்டு வந்துடுவோம், ஆனா 20,800 வாங்குற ஆளுக்கு 600 ரூபா ஏத்தினா, வயசான அப்பா அம்மாவ இஎஸ்ஐ ஆஸ்பத்திரில காட்டிக்கிட்டு இருக்கற குடும்பத்துக்கு அது நஷ்டம்தான், டயாலிசிஸ் மாதிரி ஏதாவது ஓடிக்கிட்டிருந்தா கேக்கவே வேணாம். முன்னாடியே அந்த லிஸ்ட் எடுத்து மேனேஜ்மெண்ட்கிட்ட க்ரூப் மெடிக்ளெய்ம், அதாவது கம்பெனி எடுக்குற மருத்துவ இன்ஷூரன்ஸ், பத்திப் பேசி வச்சுட்டு அப்புறம் லெட்டர் குடுங்க. இஎஸ்ஐல இருக்கற பொண்ணுங்களுக்கு 26 வாரம் பிரசவ கால பணம் இஎஸ்ஐயே குடுக்கும், உடம்பு முடியாம லீவுல இருந்தா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் சம்பளம் வரும், வீட்டுலேர்ந்து வேலைக்கு வர்ற வழியில ஆக்சிடெண்ட் ஆனாலும் சில நிபந்தனையோட வேலைக் காயமா எடுத்துப்பாங்க. இதெல்லாம் தொழிலாளிக்கு யாரும் சொல்றதில்ல. நீங்க சொல்லுங்க.

கிராஜுவிட்டி எப்படி போடுறது?

கிராஜுவிட்டின்னா வேலைய விட்டுப் போறப்ப கம்பெனி குடுக்குற பணிக்கொடை. கடைசியா வாங்கின பேசிக், டிஏ (பஞ்சப்படி) ரெண்டையும் கூட்டி 26ஆல வகுத்து 15ஆல பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். பேசிக் டிஏ 18,000, சர்வீஸ் 6 வருஷம் 8 மாசம்னா, ஆறு மாசத்துக்கு மேல இருக்கறதால 7ஆ எடுத்துக்கணும், 72,692 ரூபா வரும். உச்சவரம்பு 20 லட்சம். பொதுவா அஞ்சு வருஷ சர்வீஸ் வேணும், இறந்துட்டாலோ உடல் ஊனமாயிட்டாலோ அந்த அஞ்சு வருஷ கணக்கு கிடையாது.

புது லேபர் கோட் வந்துடுச்சே, படிச்சதெல்லாம் வேஸ்ட்டா?

வேஸ்ட் இல்ல. 29 மத்திய சட்டங்கள நாலு கோடா சேத்திருக்காங்க, 2025 நவம்பர் 21லேர்ந்து அமல்னு அறிவிச்சாங்க. நம்ம டேபிளுக்கு நேரா வர்றது மூணு. ஒண்ணு, சம்பளத்துல பேசிக் டிஏவ சின்னதா வச்சு மீதிய அலவன்ஸா காட்டுற பழக்கம் இனி செல்லாது, சம்பளக் கணக்குலேர்ந்து கழிக்கிற அலவன்ஸ் மொத்தத்துல பாதிக்கு மேல போனா அந்த எக்ஸ்ட்ராவும் சம்பளமா சேந்துடும், கிராஜுவிட்டி அதுக்கேத்த மாதிரி ஏறும். ரெண்டு, ஃபிக்ஸட் டெர்ம்ல, அதாவது இத்தனை காலத்துக்குன்னு, எடுத்த ஆளுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி உண்டு. மூணு, வேலைய விட்டவங்களுக்கு சம்பள பாக்கிய ரெண்டு வேலை நாளுக்குள்ள குடுக்கணும், நாப்பத்தஞ்சு நாள் இழுக்குற நம்ம பழைய ஃபுல் அண்ட் ஃபைனல் கதை இனி ஓடாது.

ஆனா ஒண்ணு, தமிழ்நாட்டுக்குன்னு தனியா இருக்கற சட்டங்கள மறந்துடாதீங்க. 24 மாசத்துல 480 நாள் வேலை பாத்த ஆளுக்கு நிரந்தர அந்தஸ்துன்னு 1981 சட்டம் இருக்கு, காண்ட்ராக்ட், ட்ரெய்னின்னு பேர மாத்தி மாத்தி ஓட்டுற இடத்துல எல்லாம் கடைசியில கேஸ் வந்து நிக்கிறது இதுலதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூட அஞ்சு பண்டிகை நாள்னு லீவு குடுக்கணும்னு 1958 சட்டம் இருக்கு. கடை, ஷோரூம்ல வேலை பாக்கறவங்களுக்கு உக்கார நாற்காலி போடணும்னு 2021ல திருத்தமே கொண்டு வந்தாங்க. டெல்லி சட்டத்த மட்டும் படிச்சுட்டு வர்ற எம்பிஏ பசங்க தடுமாறுறது இங்கதான்.

நேர்மையா சொல்லுங்க, ஹெச்ஆர் யார் பக்கம்?

சம்பளம் குடுக்குறது மேனேஜ்மெண்ட், அத மறைச்சு "நான் உங்க பக்கம்"னு தொழிலாளிகிட்ட சொன்னா அவன் சிரிப்பான். ஆனா மேனேஜ்மெண்ட் சொல்றதெல்லாம் செய்யறதும் அவங்களுக்கு நல்லது செய்யறதும் வேற வேற. பி ஷிப்ட் (ரெண்டாவது ஷிப்ட்) பொண்ணுங்க பஸ் லேட்டாகி ராத்திரி ஒரு மணிக்கு வீடு போறாங்கன்னா அத மேல சொல்ற ஆள் நீங்கதான், ப்ரொடக்‌ஷன் ஹெட் சொல்ல மாட்டாரு. நம்பரோட சொல்லுங்க, எந்த ரூட்டு, எத்தனை நாள் லேட்டு, அதனால எத்தனை பேர் நின்னுட்டாங்க. அழுது சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, அட்ரிஷன், அதாவது ஆள் நின்னு போறதால ஆகுற காச காட்டினா கேப்பாங்க, இது கசப்பாதான் இருக்கும்.

ஒரு பொண்ணு வந்து தொந்தரவு பத்தி சொல்லி, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம்"னா?

"சொல்ல மாட்டேன்"னு வாக்கு குடுத்துடாதீங்க. தெரிய வேண்டியவங்களுக்கு மட்டும்தான் தெரியும், வெளிய போகாதுன்னு சொல்லுங்க, அது உண்மை, சட்டமே அப்படித்தான் சொல்லுது. வேலை இடத்துல பாலியல் தொந்தரவ தடுக்குற 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற இடத்துல இன்டெர்னல் கமிட்டி இருக்கணும், தலைமைக்கு ஒரு சீனியர் பெண், மொத்த உறுப்பினர்ல பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருத்தர். சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள எழுத்துல புகார், 90 நாள்ல விசாரணை முடியணும். எழுதத் தெரியாத பொண்ணா இருந்தா எழுத உதவி பண்ணணும், அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க, நாசூக்கா மாத்தாதீங்க. நீங்களே ரெண்டு பேரையும் கூப்பிட்டு வச்சு "பேசித் தீத்துக்கோங்க"ன்னு பஞ்சாயத்து பண்றது மட்டும் வேணவே வேணாம்.

மெமோ, சார்ஜ் ஷீட் எழுத வரல, எப்படி கத்துக்கறது?

"நீர் அடிக்கடி ஒழுங்கீனமாக நடந்துகொள்கிறீர்"னு எழுதினா அது சார்ஜ் ஷீட் இல்ல, திட்டு. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன நடந்துது, யார் பாத்தாங்க, ஸ்டாண்டிங் ஆர்டர்ல (கம்பெனி வேலை விதிகள்ல) எந்தப் பிரிவு, இது வரணும். விசாரணை அதிகாரியா புகார் குடுத்தவரையோ சாட்சியையோ போடக்கூடாது, அந்த ஆளுக்குத் தெரிஞ்ச பாஷைல நடக்கணும், கூட ஒரு சக தொழிலாளிய வச்சுக்க விடணும், சாட்சிய குறுக்கு விசாரணை பண்ண விடணும், ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து. சஸ்பெண்ட் பண்ணி வச்சிருந்தா பிழைப்புப் படி குடுக்கணும், பாதி சம்பளத்துல ஆரம்பிச்சு விசாரணை இழுக்க இழுக்க ஏறிக்கிட்டே போகும். லேபர் கோர்ட்ல கேஸ் தோக்குறது பெரும்பாலும் தப்பு நடக்கலங்கறதால இல்ல, விசாரணை ஒழுங்கா நடக்கலங்கறதாலதான். ஆபீஸ்ல பழைய ஃபைல் கேட்டு வாங்கி ராத்திரி உக்காந்து படிங்க, ஒரு சீனியர் பக்கத்துல உக்காந்து ரெண்டு என்கொயரி பாருங்க, இத க்ளாஸ்ல கத்துக்க முடியாது.

யூனியன் வந்துட்டா என்ன பண்றது?

பயப்படாதீங்க, அது சட்டப்படி அவங்க உரிமை. இந்தியாவுல முறையா அமைஞ்ச முதல் தொழிற்சங்கமே நம்ம ஊர்தான், 1918 ஏப்ரல்ல பின்னி மில் ஆளுங்க சேந்து ஆரம்பிச்ச மெட்ராஸ் லேபர் யூனியன், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. கூட இருந்தாரு. சாப்பாட்டு இடைவேளை பத்தலங்கறது மாதிரி குறைங்கதான் அங்கயும் பேச்சு. 2024 செப்டம்பர்ல சாம்சங் ஸ்ரீபெரும்புதூர்ல ஆரம்பிச்ச ஸ்ட்ரைக் 37 நாள் போச்சு, முக்கியமான கோரிக்கை யூனியன அங்கீகரிக்கணும்ங்கறது. நான் இதுலேர்ந்து எடுத்துக்கறது, மேனேஜ்மெண்ட்டும் தொழிலாளியும் சேந்து உக்கார்ற ஒர்க்ஸ் கமிட்டி, கேண்டீன் கமிட்டிய எல்லாம் பேப்பர்ல மட்டும் ஓட்டாம உண்மையா நடத்தினா சின்ன குறை சின்னதாவே முடியும். மினிட்ஸ் எழுதி, போன மீட்டிங்ல ஒத்துக்கிட்டது ஆச்சா இல்லையான்னு முதல் பாயிண்டா வைங்க. தலைவர்கள தனியா கூப்பிட்டு மிரட்டுறது, லைன் மாத்துறது, இதெல்லாம் மேனேஜ்மெண்ட் பண்ணச் சொன்னா எழுத்துல குடுங்க சார்னு கேளுங்க, குடுக்க மாட்டாங்க.

ஒடிசா, பீகார் பசங்ககிட்ட எப்படி பேசுறது?

அவங்க பாஷைல. பே ஸ்லிப்ல என்ன பிடிச்சிருக்குன்னு இந்தியில, ஒடியாவுல ஒரு பக்கம் அடிச்சு ஒட்டுங்க. ஹாஸ்டல் சாப்பாட்ட மாசத்துக்கு ஒரு தடவையாவது போய் நீங்களே சாப்பிட்டுப் பாருங்க. 2021 டிசம்பர்ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரி பொண்ணுங்க ஹைவேல மறியலுக்கு உக்காந்தாங்களே, அது ஹாஸ்டல் சாப்பாட்டுல ஆரம்பிச்சதுதான். "அது காண்ட்ராக்டர் வேலை"ன்னு சொல்லி கைய கழுவ முடியாது.

என்ன படிச்சா நல்லது? எம்பிஏ கட்டாயமா?

கட்டாயம் இல்ல. ஃபேக்டரி பக்கம் எம்எஸ்டபிள்யூ (சமூகப் பணி மேற்படிப்பு) படிச்சவங்களுக்கு நல்ல மதிப்பு உண்டு, மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் 1952லேர்ந்து இருக்கு. சென்னையில தமிழ்நாடு அரசோட லேபர் ஸ்டடீஸ் இன்ஸ்டிடியூட்ல லேபர் மேனேஜ்மெண்ட் டிகிரியும், லேபர் அட்மினிஸ்ட்ரேஷன் டிப்ளமாவும் இருக்கு, ஃபீஸ் பெரிய காலேஜ் அளவுக்கு வராது. வெல்ஃபேர் ஆபீசர் போஸ்ட்டுக்கு தனியா தகுதி கேப்பாங்க, அதப் பாத்துட்டு கோர்ஸ் சேருங்க. கல்ஃப், இங்கிலாந்து போற யோசனை இருந்தா சிஐபிடின்னு இங்கிலாந்து ஹெச்ஆர் சங்கம் குடுக்குற சர்டிபிகேட் யோசிக்கலாம், 1913ல யார்க் ஊர்ல சாக்லேட் கம்பெனி வெல்ஃபேர் ஆட்கள வச்சு ஆரம்பிச்ச சங்கம்தான் இன்னைக்கு அப்படி வளந்து நிக்குது. இங்க உள்ளூர் வேலைக்கு அந்த சர்டிபிகேட் பாத்து யாரும் சம்பளம் ஏத்த மாட்டாங்க, காசு கட்டுறதுக்கு முன்னாடி யோசிங்க.

கோர்ஸ் இல்லாம எப்படி வளர்றது?

முதல் ரெண்டு வருஷம் பே ரோல், டைம் ஆபீஸ், ஸ்டாட்யூட்டரி (பிஎஃப், இஎஸ்ஐ மாதிரி சட்டப்படி செய்யற வேலை) இந்த மூணுலயும் உக்காருங்க. எல்லாருக்கும் டேலண்ட், கல்ச்சர்னு பேச ஆசை, பி எஃப் சலான் போடத் தெரியாம கல்ச்சர் பேசினா சூப்பர்வைசர் கூட மதிக்க மாட்டாரு. தினம் ஒரு தடவை ஷாப் ஃப்ளோர் நடங்க, கையில ஃபைல் இல்லாம. மெஷின் பேர், ப்ராசஸ் பேர் தெரிஞ்சுக்கோங்க, ப்ரெஸ் ஷாப்ல நிக்கிறதும் பெயிண்ட் ஷாப்ல நிக்கிறதும் ஒண்ணு இல்லன்னு உடம்புக்குத் தெரியணும்.

ஒரு நோட்டு வைங்க. வாரத்துக்கு ஒரு கேஸ், என்ன வந்துது, நான் என்ன சொன்னேன், எந்த ரூல், அடுத்த தடவ என்ன மாத்துவேன், நாலு வரி போதும். ஆறு மாசம் கழிச்சு புரட்டினா எதுல வீக்குன்னு நல்லா தெரியும், எனக்குத் தெரிஞ்சு பாதிப் பேருக்கு அது கணக்குலயோ சட்டத்துலயோ இருக்கறதில்ல, "முடியாது"ன்னு மரியாதையா சொல்றதுலதான் இருக்கும். எக்செல்ல பிவட், லுக்கப் ரெண்டும் கைக்கு வரணும். நல்ல தமிழ்ல ஒரு நோட்டீஸ் எழுதத் தெரியணும், இது இப்ப அரிதாப் போச்சு, தெரிஞ்சவங்களுக்கு கிராக்கி.

இன்டர்வியூல என்ன கேப்பாங்க?

"உங்க ஸ்ட்ரெங்த் என்ன"ன்னு ஒருத்தர் கேப்பாரு, அத விடுங்க. ப்ளாண்ட் ஹெட் இருந்தாருன்னா பேப்பர குடுத்து கணக்கு கேப்பாரு. க்ராஸ் 20,000, பேசிக் டிஏ 12,000, கைக்கு எவ்ளோ? பிஎஃப் 12,000க்கு 1,440, இஎஸ்ஐ 20,000க்கு 150, அப்ப 18,410. கம்பெனி பக்கம் எவ்ளோன்னு அடுத்து கேப்பாரு, பிஎஃப் 1,440, அதுல பென்ஷனுக்கு 1,000 போக மீதி 440, இஎஸ்ஐ 650. தமிழ்நாட்டுல ப்ரொஃபஷனல் டாக்ஸ் அரை வருஷக் கணக்கு, அத இந்த மாசத்துல பிடிக்கணுமா சார்னு நீங்க திருப்பிக் கேட்டீங்கன்னா அடுத்த கேள்வி "எப்ப ஜாயின் பண்ணுவீங்க"ன்னுதான் வரும்.